கொஞ்சம் சுணங்கிப் போச்சு

செய்தி வந்தபோது நான் நீர்வேலியில் நின்றேன். வெள்ளிக்கிழமைப் பூசைக்கு இரண்டு கதலி வாழைக்குலை வேண்டும் என்று கோயில்காரர் என்னை அனுப்பியிருந்தார்கள். ஓய்வுபெற்ற மனிதனுக்கு ஊரில் கிடைக்கிற உத்தியோகங்கள் இவைதாம். தோட்டக்காரர் குலையைத் தூக்கி ஓட்டோவின் பின்பக்கத்தில் வைத்துக்கொண்டிருக்கையில் தொலைபேசி அடித்தது. குணமண்ணையின் மகள் வசந்தி.

“மாமா, அப்பா மோசம் போயிட்டார்” என்றாள். நான் ஒன்றும் கேட்காமலே, “விடிய எழும்பித் தேத்தண்ணி குடிச்சவர். கதிரையிலை இருந்தபடியே தலை சரிஞ்சிட்டுது” என்றும் சொன்னாள்.

அதற்கு நான் சொன்ன பதிலை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. “நான் இஞ்சை குலை வாங்க வந்தனான் பிள்ளை” என்றேன். அந்த நேரத்தில் என் வாயில் வந்தது அதுதான். தோட்டக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “ஆரண்ணை?” என்று கேட்டார். “எங்கடை ஊரிலை எஞ்சின் திருத்திற ஒருத்தர்” என்றேன். ஓட்டோ புறப்பட்டுப் பாதி வழி வந்த பிறகுதான், அவ்வளவு பெரிய மனிதரை இவ்வளவு சின்ன வசனத்துக்குள் அடக்கிவிட்டேனே என்று மனம் அடித்துக்கொண்டது. இதை எழுத உட்கார்ந்ததற்கு அந்த வசனமும் ஒரு காரணம்.

அவரை அறிந்தவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல அதிகம் இல்லை. மயிலிட்டித் துறையில் ஓடுகிற படகு எஞ்சின்களில் முக்கால்வாசி அவருடைய கைபட்டவை. கழற்றிப் பார்க்க முதல் காது கொடுத்துக் கேட்பார். கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். “இது கல்லிலை அடிபட்டிருக்கு” என்பார். படகுக்காரன் இல்லை என்று சத்தியம் பண்ணுவான். “எஞ்சின் பொய் சொல்லாது. கொண்டு வாறவன்தான் சொல்லுவான்” என்று அவர் சிரிப்பார். நான் தபாற்கந்தோரில் வாழ்நாள் முழுக்க முத்திரை குத்தியவன். அதனால் அவருக்கு நான் கடைசிவரை ‘தபால்’தான். எனக்குப் பெற்றோர் வைத்த பெயர் அவருக்குத் தெரிந்திருந்ததா என்பதே எனக்குச் சந்தேகம்.

இன்னொன்று, அவர்தான் எங்கள் அம்மன் கோயிலில் தோளில் சாமி காவுகிறவர்களுக்குத் தலைவர். திருவிழாவில் அம்மன் வீதிவலம் வரும்போது வாகனத்தின் கீழே போகிற நீண்ட மரங்களைக் கொம்பு என்போம். முன்கொம்பில், வலப்பக்கத்தில், குணமண்ணை. வடக்கு வீதியில் திரும்பும்போது அவருடைய கண்களிலிருந்து தண்ணீர் கொட்டும். ஊர் முழுக்க அதைப் பார்த்திருக்கிறது. அம்மன் அவரில் வருகிறா என்று பெண்கள் கைகூப்புவார்கள். பிறகு குழந்தைகளைக் கொண்டுவந்து தலையைத் தொடச் சொல்வார்கள். “என்ரை கையிலை எண்ணெய் பிள்ளை, கொண்டு போ” என்று அவர் துரத்திவிடுவார்.

நான் சொல்ல வந்த விஷயம் விளங்க எங்கள் ஊரின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். கடலுக்குப் போகிறவன் அம்மன் வாசலைக் கடக்கும்போது ஒரு நிமிடம் நின்று, உள்ளே பார்த்து, “போட்டு வாறன்” என்பான்; போய்விட்டு வருகிறேன் என்று அர்த்தம். கரைக்கு வந்து வீடு திரும்பும்போது அதே வாசலில் நின்று, “வந்திட்டன்” என்பான். தேங்காய் உடைப்பதும் கற்பூரம் கொளுத்துவதும் அவரவர் வசதி. இந்த இரண்டு சொல்லும் கட்டாயம். நான் கடலுக்குப் போனவனல்ல, சைக்கிளில் கந்தோருக்குப் போனவன். நானும் சொல்லித்தான் போனேன், சொல்லித்தான் வந்தேன்.

வீட்டிலும் அதே சொற்கள்தாம். நாலு வருடத்துக்கு முன் என் மனைவி பவளம் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். மணமுடித்த நாளிலிருந்து என் செருப்போடு சண்டை பிடித்தவள் அவள். நான் வாசலில் கழற்றி எறிவேன், அவள் ஏசிக்கொண்டே எடுத்துச் சுவரோரம் வைப்பாள். ஒரு மத்தியானம், குளித்து உடுப்பு மாற்றி வரலாம் என்று அவளிடம் “போட்டு வாறன்” என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். “சாப்பிட்டிட்டு அவசரப்படாமல் ஆறுதலா வாங்கோ” என்றாள். திரும்பிப் போனபோது அந்தக் கட்டிலுக்கு வேறு விரிப்பு விரித்துக்கொண்டிருந்தார்கள். “வந்திட்டன்” என்று சொல்ல அங்கே ஆளில்லை.

அன்றிலிருந்து அந்தச் சொல் என் வாயில் வரவில்லை. வீட்டு வாசலிலும் இல்லை, கோயில் வாசலிலும் இல்லை. கோயிலுக்குப் போவதை நான் விடவில்லை, ஊர் பேசும் என்கிற பயம் வேறு. போய், முத்திரை வாங்க வரிசையில் நிற்கிறவனைப்போல நிற்பேன். தீபம் காட்டுவார்கள், எல்லோருடைய கையும் தலைக்கு மேலே போகும், என்னுடையதும் போகும். உள்ளே ஒன்றும் நடக்காது. அம்மன் இருந்த இடத்தில் எனக்கு ஒரு சிலை தெரிந்தது, அவ்வளவுதான். முன்பு அங்கே யாரோ இருக்கிறார்கள் என்று கேள்வியில்லாமல் தெரிந்திருந்தது. அது எப்போது போனது, எப்படிப் போனது என்றுகூட எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பவளத்தை இழந்ததைச் சொல்லி அழ ஊரில் ஆட்கள் இருந்தார்கள். இந்த இழப்பைச் சொல்ல எனக்கு ஒருவரும் இருக்கவில்லை.

கொம்புக்குக் கீழே போனால் தெரியும் என்று சாமி காவுகிறவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அடுத்த திருவிழாவில் ஆள் பற்றாக்குறை. பெடியள் பாதிப்பேர் வெளிநாட்டில். அறுபத்துநாலு வயதில் நான் போய்க் குணமண்ணையிடம் கேட்டேன், “நானும் காவட்டோ?” என்று. ஏன் என்று அவர் கேட்கவில்லை. “நடுவிலை நில்லு. காலைப் பாத்து வை” என்றார்.

நான் ஐந்தடிக்கு இரண்டங்குலம் மேல். எனக்கு முன்னும் பின்னும் நின்றவர்கள் ஆறடிக்காரர்கள். அம்மனைத் தூக்கி நிமிர்ந்தார்கள். நானும் கொம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தேன். என்ன அதிசயம்! பாரமே தெரியவில்லை. அத்தனை பெரிய வாகனம், அத்தனை பூமாலை, மேலே ஐயர் வேறு நிற்கிறார், எனக்கோ தோளில் ஒரு காகம் வந்து இருந்த பாரம்கூட இல்லை. அம்மன் எனக்கு இரங்கிவிட்டா என்று நினைத்தேன். வடக்கு வீதியில் எனக்கும் கண்ணீர் கொட்டியது. ஒரு வருடமாக வராத கண்ணீர்.

சாமியை இருப்பில் இறக்கி வைத்ததும் ஓடிப் போய் அவரைப் பிடித்தேன்.

“அண்ணை, எனக்குப் பாரமே தெரியேல்லை. அவ தன்ரை பாட்டிலை வந்த மாதிரி இருந்தது.”

அவர் என்னை உச்சியிலிருந்து உள்ளங்கால்வரை பார்த்தார்.

“கொம்பு உன்ரை தோளிலை முட்டேல்லையடா, தபால். நீ கையாலை பிடிச்சுக்கொண்டு கூட நடந்தனி. முன்னுக்கும் பின்னுக்கும் நிண்டவங்கள்தான் காவினவங்கள்.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் துவாயை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஒரு மனிதன் ஒரு வருடம் காத்திருந்து பெற்றதை இப்படியா ஒரே வசனத்தில் பறிப்பது? அடுத்தநாள் போவதில்லை என்றிருந்தேன். மறுநாள் பின்னேரம் அவரே வீட்டுக்கு வந்தார். தன்னுடைய தடித்த துவாயை நாலாக மடித்து, இரண்டு ஓரமும் தைத்துக் கொண்டு வந்திருந்தார். என் தோளில் வைத்து அமத்திப் பார்த்தார். “இண்டைக்கு முட்டும். வா” என்றார்.

அன்றைக்கு முட்டியது. தோள் கன்றிப் போயிற்று. தெற்கு வீதியில் எனக்கு மூச்சு வாங்கியது. “என்ன தெரிஞ்சுது?” என்று கேட்டார். “நோகுது அண்ணை. வேறையொண்டும் தெரியேல்லை” என்றேன். “அப்ப சரி” என்று சொல்லிவிட்டு அவர் கால் கழுவப் போய்விட்டார். அவருடைய “அப்ப சரி” எனக்கு அப்போது விளங்கவில்லை.

அதற்கு அடுத்த வருடம் கோயில் மலருக்கு என்னிடம் ஒரு கட்டுரை கேட்டார்கள். தலைப்பையும் அவர்களே தந்தார்கள்: ‘அம்பாளின் சாந்நித்தியம்’. அதாவது, அம்பாள் எங்களோடு இருப்பதை உணர்வது பற்றி நான் எழுத வேண்டும். ஊரில் எத்தனையோ பேர் இருக்க அந்தத் தலைப்பு என்னிடம் வந்து சேர்ந்ததை நினைத்து எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. எனக்குத் தெரியாவிட்டாலும் தெரிந்தவரைக் கேட்டு எழுதலாமே என்று கொப்பியும் பேனையுமாகக் குணமண்ணையின் எஞ்சின் கொட்டிலுக்குப் போனேன். காலை பத்துமணி இருக்கும். துறையில் மீன் ஏலம் முடிந்து ஆட்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். அவர் ஒரு எஞ்சினின் வயிற்றைத் திறந்து வைத்திருந்தார்.

“அண்ணை, சாமி காவேக்கை அழுறியளெல்லே. அந்த நேரம் உங்களுக்கு என்ன தெரியிறது?”

“கண்ணுக்கை கற்பூரப் புகை போகுது. அதோடை இந்தத் தோள் எலும்பு ஒருக்கால் வெடிச்சது. நொந்தா அழாமல் என்ன செய்யிறது?”

“பகிடி விடாதேங்கோ அண்ணை. மலரிலை போடோணும்.”

“பகிடியில்லை. எழுதன்.”

நான் எழுதவில்லை. அவர் நட்டுக் கழற்றுகிற சாவியைத் தகரத்தின் மேல் வைத்துவிட்டுக் கையைத் துடைத்தார். கையைத் துடைக்க அவருக்கு நீண்ட நேரம் பிடித்தது.

“ஒருக்கால் தெரிஞ்சது” என்றார். “ஒரேயொருக்கால். ஆனா அது மலருக்கு ஆகாது.”

பிறகு அவர் சொன்னது நாங்கள் ஊரைவிட்டு ஓடிய நாளைப்பற்றி. அந்த நாளை எங்கள் ஊரவர்களுக்கு நான் விவரிக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்கு இவ்வளவு போதும்: ஷெல் விழத் தொடங்கியது, கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு எல்லோரும் தெற்கே நடந்தோம், இரண்டு நாளில் திரும்பலாம் என்று நினைத்தோம், இருபத்தேழு வருடம் ஆயிற்று. மூன்றாம் நாள், நாங்கள் தங்கியிருந்த பள்ளிக்கூடத்தில், சாமி காவுகிறவர்கள் எல்லோரும் ஒரு மாமரத்தின் கீழ் கூடினார்கள். “அம்மனை ஆர் எடுத்தது?” என்று ஒருவர் கேட்டார். ஐயர் எடுத்திருப்பார் என்று நினைத்தோம் என்றார்கள். நீங்கள் எடுத்திருப்பீர்கள் என்று நினைத்தேன் என்றார் ஐயர். வீதியில் வரும் எழுந்தருளி அம்மன், நாலுபேர் சேர்ந்தால் தூக்கக்கூடிய சிலை. முன்கொம்புக்கு வருடா வருடம் அடிபடுகிற இருபது பேரும் அங்கே நின்றார்கள். மற்றவன் எடுத்திருப்பான் என்று இருபது பேரும் நினைத்திருந்தார்கள். நான் எதைத் தூக்கிக்கொண்டு ஓடினேன் என்று கேட்பீர்கள். பற்றரி இல்லாத ஒரு றேடியோவை.

“அண்டைக்கு என்ரை தோளிலை இருந்தது எட்டுக் குதிரைவலு எஞ்சின்” என்றார் குணமண்ணை. “வாசலாலை வாறன். கதவு திறந்து கிடக்கு. உள்ளுக்கு விளக்கு எரியுது. ஐயர் எடுப்பார் எண்டு நினைச்சன். நினைச்சன் எண்டது பொய். அப்பிடி நினைக்கோணும் எண்டு நினைச்சன். ரண்டையும் தூக்கேலாது. எஞ்சினை இறக்கி வைச்சிட்டு மூண்டு பேரைக் கூப்பிட்டிருந்தா அவவைத் தூக்கியிருக்கலாம். நான் இறக்கேல்லை.”

“பிறகு?”

“பிறகென்ன. அப்பதான் தெரிஞ்சது. முதுகுப் பக்கமா. ஆரோ வாசலிலை நிண்டு பாத்துக்கொண்டிருக்கிற மாதிரி. எனக்குத் திரும்பிப் பாக்க ஏலாமப் போச்சு. வாய் தன்ரை பாட்டிலை சொல்லிச்சுது, ‘போட்டு வாறன்’ எண்டு.”

“கோவமாப் பாத்தவவோ அண்ணை?”

“இல்லையடா. கோவமாப் பாத்திருந்தா நான் அண்டைக்கே மறந்திருப்பன். முந்தி நான் கடலுக்குப் போன நாளிலை எப்பிடிப் பாக்கிறவவோ, அப்பிடித்தான் பாத்தவ.”

அந்த எஞ்சின்தான் இடம்பெயர்ந்து வாழ்ந்த காலத்தில் வேறு கரைகளில் ஓடி அவருடைய வீட்டில் ஆறு பேருக்குச் சோறு போட்டது. அதை அவர் மறைக்கவில்லை. “அதைத் தூக்கினது பிழை எண்டு சொல்லமாட்டன். சரி எண்டும் சொல்லமாட்டன்” என்றார். “ஆனா அண்டைக்குத் தெரிஞ்சது, அவ இருக்கிறா எண்டு. அதுக்குப் பிறகு எனக்கு ஒருக்காலும் தெரியேல்லை. தெரியோணும் எண்டு நான் கேக்கிறதுமில்லை.”

இதைக் கேட்ட பிறகு என்னுடையதை மறைத்து வைக்க எனக்கு மனம் வரவில்லை. பவளத்துக்குப் பிறகு கோயிலில் எனக்கு ஒன்றும் தெரிவதில்லை என்று சொன்னேன். மரம்போல நின்றுவிட்டு வருகிறேன், இப்படிப் போவது வேஷமல்லவா என்று கேட்டேன். அவர் என்னைத் தேற்றவில்லை. கொஞ்சம் எரிச்சலோடுதான் பதில் சொன்னார்.

“அவ இருக்கிறா எண்டு உனக்குத் தெரியோணும் எண்டு ஆர் சொன்னது? நீ இருக்கிறாய் எண்டு அவவுக்குச் சொல்லிப்போட்டு வா. போகேக்கை போட்டு வாறன், வரேக்கை வந்திட்டன். எங்கடை வேலை அவ்வளவுதான். மிச்சம் அவவின்ரை வேலை.”

புறப்படும்போது, இதை எழுதட்டுமா என்று கேட்டேன். “ஆருக்கும் சொல்லு. மலரிலை மட்டும் போடாதை. மலரிலை போட்டா நல்ல கதையாப் போடும்” என்றார். கட்டுரை நான் எழுதவில்லை. எனக்கு ஒதுக்கிய பக்கத்தில் ஒரு நகைக்கடை விளம்பரம் வந்தது. இப்போது எழுதுகிறதுதான் அந்தக் கட்டுரை. நல்ல கதை ஆகிவிடாமல் எழுதத்தான் பார்க்கிறேன்.

அவர் சொன்னதைக் கேட்ட பிறகே எனக்கு இன்னொரு நாள் விளங்கியது. மயிலிட்டிக்குள் எங்களைத் திரும்ப விட்ட நாள். நானும் அவரும் ஒன்றாகத்தான் போனோம். அதுவரை, உடுவிலில் நாங்கள் இருந்த முகாமில் ஒரு கொட்டில் போட்டு அம்மன் படம் வைத்துக் கும்பிட்டு வந்தோம். குணமண்ணை ஒருநாளும் அதற்குள் போனதில்லை. விடிய வந்து முற்றத்தைக் கூட்டுவார், தண்ணீர் தெளிப்பார், போய்விடுவார். பெரிய மனிதர், கொட்டிலுக்குள் குனிய மாட்டார் என்று பேசினார்கள். நானும் பேசியிருக்கிறேன். ஊருக்குள் போனபோது எல்லோரும் தங்கள் தங்கள் வீடு இருந்த இடத்தைத் தேடி ஓடினார்கள். அவர் வீட்டைப் பார்க்கப் போகவில்லை. நேரே கோயிலுக்கு நடந்தார். கோயில் என்று சொல்ல அங்கே ஒன்றும் இல்லை. கூரை விழுந்திருந்தது. மூலஸ்தானத்துக்குள் ஆளுயரத்துக்குப் பற்றைக்காடு. எழுந்தருளி வைத்த மேடையில் ஒன்றுமில்லை. எங்கே போனது என்பது இன்றுவரை எங்களில் யாருக்கும் தெரியாது.

அவர் வாசல் இருந்த இடத்தில் நின்றார். சேர்ட்டைக் கழற்றி இடுப்பில் கட்டினார். சிலை இல்லை, விளக்கு இல்லை, ஐயர் இல்லை, மனிதர் மேலுடம்பைத் திறந்துகொண்டு பற்றையைப் பார்த்து நிற்கிறார். பிறகு சாதாரணமாக, வீட்டுக்கு வந்தவர் குசினிப் பக்கம் பார்த்து, சமைக்கிற மனைவிக்குச் சொல்கிற குரலில் சொன்னார்:

“வந்திட்டன். கொஞ்சம் சுணங்கிப் போச்சு.”

இருபத்தேழு வருடத் தாமதத்தைத்தான் அவர் ‘கொஞ்சம்’ என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. வயது போய் மூளை தளம்புகிறதோ என்றும் நினைத்தேன். “ஆரட்டை அண்ணை கதைக்கிறியள்?” என்று கேட்டேன். “கத்தியைக் கொண்டா, பத்தையை வெட்டுவம்” என்றார். பதிவுத்தபால் ஒன்றுக்குக் கையெழுத்து வாங்கும்வரை அது கந்தோரின் பொறுப்பு. எத்தனை நாள் சென்றாலும் அலுமாரியில் வைத்துக் காத்துத்தான் ஆகவேண்டும். அந்த மனிதர் தன் ஒரு சொல்லுக்குக் கையெழுத்து வாங்க அத்தனை வருடம் காத்திருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

கடைசியாக நான் அவரோடு கதைத்தது இரண்டு கிழமைக்கு முன். கைநடுக்கம் கூடியிருந்தது. சாவி பிடிக்க முடியவில்லை என்பது அவருக்குப் பெரிய அவமானம். வசந்தி தந்த பிளேன்ரீயைக் குடித்துவிட்டு நான் எழும்பினேன். திடீரென்று கேட்டார்:

“வீட்டிலை சொல்லுறனியோ?”

“என்னத்தை அண்ணை?”

“வந்திட்டன் எண்டு.”

“ஆருக்குச் சொல்லுறது? வீட்டிலை ஆர் இருக்கினம்?”

“நான் பத்தைக்குச் சொன்னனான்” என்றார்.

“போட்டு வாறன்” என்று அவரிடம் சொல்லிவிட்டு வந்தேன். அந்தச் சொல் ஆட்களிடம் சொல்ல எனக்கு இன்னும் வந்தது, மற்றதுதான் வராதது. வீட்டுக்கு வந்து கதவைத் திறந்து, வாயைத் திறக்காமலே உள்ளே போனேன்.

அன்று பின்னேரம் செத்தவீட்டில், பெட்டியை வாகனத்தில் ஏற்றலாம் என்று மருமகன் சொன்னார். சாமி காவுகிற பெடியள் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் எங்களைக் காவப் பழக்கியவர், அவரை நாங்கள் காவுவோம் என்று பாடை கட்டினார்கள். நான் வீட்டுக்கு ஓடிப் போய் அந்தத் தைத்த துவாயை எடுத்து வந்தேன். தோளில் வைத்துக்கொண்டு போய் நடுவில் நின்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை. தூக்கி நிமிர்ந்ததும் கொம்பு என் தோளில் நன்றாக முட்டியது. மெலிந்த மனிதர் என்று நினைத்திருந்தேன். அத்தனை பாரம்.

ஊரில் சாவு என்றால் கோயில் பூட்டியிருக்கும், பாடை அந்த வாசலால் போகாது. பின் ஒழுங்கையால்தான் சுடலைக்குப் போனோம். ஒழுங்கை திரும்புகிற இடத்தில் புதுக் கோயிலின் கூரை முனை மட்டும் தெரியும். அங்கே வந்தபோது, நான் நினைக்காமலே, “குணமண்ணை போட்டு வாறாராம்” என்று வாய்க்குள் சொன்னேன். எனக்கு முன்னால் காவிக்கொண்டு போனவர் திரும்பாமலே, “ஓம், நானும் சொன்னனான்” என்றார். அப்படியானால் குணமண்ணை அந்தக் கதையை என்னிடம் மட்டும் சொல்லவில்லை. கொஞ்சம் பொறாமையாக இருந்தது. பிறகு சந்தோஷமாக இருந்தது.

குணமண்ணைக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். அம்மனை அவர் எனக்குக் காட்டித் தரவில்லை, காட்டித் தருவதாகச் சொன்னதும் இல்லை. பாரமில்லாத இடத்தில் நின்று நான் அழுத அழுகையைப் பிடித்து நிறுத்தியவர் அவர்தான். என் உயரத்தைப் பார்த்து, அதற்கு ஏற்றபடி ஒரு துவாயைத் தைத்துத் தந்தவரும் அவர்தான். அதை நான் வைத்திருக்கிறேன். எஞ்சின் எண்ணெய் மணம் இன்னும் அதில் இருக்கிறது, தோய்க்கப் போவதில்லை. அவருடைய இரண்டு சொல்லில் ஒன்று என்னிடம் முன்பே இருந்தது. மற்றதை அன்றைக்குத்தான் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

சுடலையிலிருந்து வந்து கிணற்றடியில் குளித்தேன். ஈர உடம்போடு வாசலுக்கு வந்து நின்றேன். காலையில் நீர்வேலியிலிருந்து கொண்டுவந்த குலைகள் இரண்டும் அப்படியே விறாந்தையில் கிடந்தன. வெளிச்சம் இன்னும் இருந்தது. கதவைத் திறந்து, குசினிப் பக்கம் பார்த்து, நாலு வருடமாகச் சொல்லாததைச் சொன்னேன்.

“பவளம், வந்திட்டன். கொஞ்சம் சுணங்கிப் போச்சு.”

பதில் ஒன்றும் வரவில்லை. வரும் என்று நான் நிற்கவுமில்லை. உள்ளே போக ஓரடி வைத்தவன் திரும்பி வந்து, வாசலில் கழற்றி எறிந்திருந்த செருப்பை எடுத்துச் சுவரோரமாக வைத்தேன்.